நான்காவது இலை

ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றுக்கு ஒரு மனிதனுக்கு நாலு அழைப்பு வந்தால், அவன் நாலு பேருக்கு வேண்டியவன் என்று அர்த்தம். எனக்கு ஒன்பது வந்தது. ஐந்தை என் மகன் தலையில் கட்டிவிட்டு நாலை நான் வைத்துக்கொண்டேன்.

சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி வருஷம் அம்மை போட்டுப் படுத்திருந்தேன். பதினாலு வயதில் கோயம்புத்தூருக்கு வந்து ஒரு பட்டறையில் கிரைண்டர் கல் கொத்தப் பழகினேன். இன்று சொந்தமாக கிரைண்டர் செய்து விற்கிறேன். வீட்டுக்கு வாங்குகிற சின்ன கிரைண்டர் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் ஆயிரம் பேருக்கு மாவாட்டுகிற பெரிய கிரைண்டர் என்றால் அது நம்முடையதுதான். அதனால் நான் ஒரு கல்யாணத்துக்குப் போனால் மணமேடைக்கு முன்னால் சமையல்கட்டுக்குத்தான் போவேன். பெண்ணும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று நூறு பேர் பார்ப்பார்கள். கல் எப்படி ஓடுகிறது என்று யார் பார்ப்பார்கள்?

நாலு அழைப்பில் மூன்று கல்யாணம். கோயம்புத்தூரில் ஒன்று, அவிநாசியில் ஒன்று, கோபியில் ஒன்று. நாலாவது, அந்தியூருக்குப் பக்கத்தில் என் தங்கை வீட்டில். அவளுடைய பேத்திக்குக் காதுகுத்து. போகிற வழியில் மூன்று கல்யாணத்திலும் முகத்தைக் காட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தங்கை வீடு. இப்படித் திட்டம் போடுவதற்கு மேனேஜ்மென்ட் படிக்க வேண்டியதில்லை.

அந்த நாலாவதுதான் முக்கியம். ஏனென்று சொல்லிவிடுகிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் என் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. மண்டபம் கொள்ளாத கூட்டம். நான் வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் "வாங்க, வாங்க" என்று அழைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் அது லேசான காரியமில்லை. வாசலில் ஒருவரைப் பார்த்து "வாங்க" சொல்லாமல் விட்டால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதற்குச் சமம். என் தங்கை வீட்டுக்காரர், அவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், படியேறி வந்தார். அதே நிமிஷம் அவருக்குப் பின்னால் ஒரு மில் முதலாளி காரிலிருந்து இறங்கினார். நான் மூன்று தடவை "வாங்க" சொன்னேன். மூன்றும் மாப்பிள்ளையின் தோளுக்கு மேலாகப் போய் முதலாளியிடம் சேர்ந்துவிட்டன. மாப்பிள்ளை நின்று பார்த்தார். துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். திரும்பி நடந்தார். என் தங்கையும் அவர் பின்னால் போய்விட்டாள். பந்தியெல்லாம் முடிந்து என் மனைவி தேடியபோதுதான் அவர்கள் இல்லாதது எனக்குத் தெரிந்தது.

விசேஷ வீட்டுக்கு வந்து கை நனைக்காமல், அதாவது இலையில் உட்காராமல், போய்விட்டார்கள் என்றால் எங்களில் அதற்கு மேல் சண்டை போட வேண்டியதே இல்லை. அதுதான் சண்டை. அதன்பின் தீபாவளிக்குத் தங்கை வரவில்லை. பொங்கலுக்கு நான் போகவில்லை. ஒருநாள் நானே போய், "தப்பாயிடுச்சு" என்று சொல்லியிருக்கலாம். யாரிடமும் போய் நிற்காமல் வளர்ந்தவன் நான். கால் போகவில்லை. என் மனைவியும் தங்கையும் மட்டும் எனக்குத் தெரியாமல் போனில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரியாமல் என்றால், பக்கத்து அறையில், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

இந்த ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளையே வெற்றிலை பாக்குத் தட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் தங்கை. நான் போட்ட "வாங்க"வில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. உட்கார்ந்தார்கள். காப்பி குடித்தார்கள். காப்பி குடிப்பது கை நனைப்பதில் சேராது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"மச்சான், பேத்திக்குக் காதுகுத்தறோம். வந்து கை நனைச்சுப்போட்டுப் போங்க. பழசெல்லாம் அத்தோட போவட்டும்" என்றார் மாப்பிள்ளை. மனிதர் அதிகம் பேச மாட்டார். அவ்வளவுதான் பேச்சு.

தங்கை கிளம்பும்போது என் பக்கத்தில் வந்தாள். போளியை எங்கள் பக்கத்தில் ஒப்புட்டு என்போம்; அவள் சுடும் ஒப்புட்டு என்றால் எனக்கு உயிர்.

"அண்ணா, ஒப்புட்டு நானே சுடறேன். சமையக்காரங்க கையில உடமாட்டேன். நீங்க இலையை வழிச்சுச் சாப்பிடோணும். ரெண்டு வாய் தின்னுபோட்டுப் பேருக்கு எந்திரிச்சீங்கன்னா அவரு வேற மாதிரி நெனச்சுக்குவாரு. அப்பறம் எனக்குப் பொறந்த ஊடுங்கறதே இல்லீங்கண்ணா."

"என்ற வயித்தப் பத்தி உனக்குத் தெரியாதா, கண்ணு?" என்றேன்.

அன்று காலை ஆறு மணிக்குக் காரை எடுத்தேன். எழுபது வயதை எட்டப் போகிறேன், இன்னும் நான்தான் ஓட்டுகிறேன். பக்கத்தில் என் மனைவி. காதுகுத்துச் சீர்த்தட்டெல்லாம் பின் சீட்டில்.

முதல் கல்யாணம் சிங்காநல்லூர்ப் பக்கம். மணமக்களுக்கு அட்சதை போட்டேன். வழக்கம்போலச் சமையல்கட்டுக்குள் நுழைந்தேன். நம் கிரைண்டர் மூலையில் கழுவி நின்றது. சமையல் மாஸ்டர் என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

"முதலாளி, உங்க கல்லுல ஆட்டுன மாவுங்க. ஒரு இட்லி புட்டுப் பாருங்க."

கல்லைச் செய்தவன் மாவைப் பார்க்காமல் போனால் தொழிலுக்கு அழகா? மூன்று இட்லி பார்த்தேன். இட்லி பூப்போல இருந்தது. பொங்கலும் பார்த்தேன். அரிசியும் பருப்பும் நம் கல்லில் ஆடுவதில்லை என்றாலும், பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். வடைக்கு உளுந்து நம் கல்தானே. அதையும் பார்த்தேன்.

"மொகத்தக் காட்டறதுன்னு சொன்னீங்க. வாயைக் காட்டிப்போட்டு வர்றீங்க" என்றாள் மனைவி காரில் ஏறும்போது. அவள் அரை டம்ளர் காப்பியோடு நிறுத்தியிருந்தாள்.

"அது சாப்பாடில்ல அம்மணி. சோதனை."

அவிநாசியில் என் மனைவி வழிச் சொந்தம். கோபுரம் தெரிகிற தெருவில் மண்டபம். இங்கே சமையல்கட்டுக்குள் போகவே கூடாது என்று அவள் வண்டியிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள். போகவில்லை. நேராகப் பந்தி நடக்கிற இடத்துக்குப் போனேன். அங்கே என் வயதுக்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அவளுடைய சித்தப்பா மகன், மாமன் மகன் வகையறா. அதில் ஒருவர் என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவரை இடித்தார்.

"இவரு கல்யாணம் கட்டுன புதுசுல எங்கூட்டுக்கு விருந்துக்கு வந்து இருவது இட்லி தின்னாருங்க. இட்லிப் பாத்திரத்தையே எட்டிப் பாத்தாரு."

"அதெல்லாம் அப்பொங்க. இப்ப ரெண்டு இட்லியும் நாலு மாத்திரையுமாத்தான் இருக்கும்" என்றார் மற்றவர். "சர்க்கரை எத்தனைங்க மாமா?"

எனக்குச் சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை. டாக்டருக்கு வேண்டுமானால் இருக்கும். இதை வாயால் சொன்னால் நம்புவார்களா? இலையைப் போடச் சொன்னேன். ஆறு இட்லி. ஏழாவதை எடுக்கும்போது கண்ணெதிரே என் மனைவி வந்து நின்றாள். ஏழாவதை வைத்துவிட்டேன். அந்த மூன்று பேரும் வாயடைத்துப் போனார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

குன்னத்தூர் தாண்டும்போது வேட்டிக்கு மேல் கட்டிய பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினேன்.

"கோபில மட்டும் கார உட்டே எறங்கப்படாது. சன்னல்லயே கும்புட்டுப்போட்டுப் போலாம்" என்றாள்.

அது நியாயமான யோசனைதான். ஆனால் கோபியில் கல்யாணம் வைத்திருந்தவர் மற்றவர்களைப் போல அல்ல. நானும் அவரும் ஒரே பட்டறையில் எதிரெதிரே உட்கார்ந்து கல் கொத்தியவர்கள். என் கண்ணில் கல்துகள் விழுந்தால் அவர் எடுப்பார்; அவர் கண்ணில் விழுந்தால் நான். நான் மேலே வந்துவிட்டேன். அவர் ஊர் திரும்பி டீக்கடை வைத்தார். கடைசி மகளுக்குக் கல்யாணம். சின்ன மண்டபம், சின்னக் கூட்டம். என் கார் நின்றதும் அவரே ஓடி வந்து கதவைத் திறந்தார்.

"சாமி, நேரமாயிடுச்சு. வாழ்த்திட்டுக் கிளம்பறேன்" என்றேன்.

அவர் கதவைப் பிடித்தபடியே சிரித்தார். "அதுவுஞ்சரிதானுங்க. பெரிய எடத்துச் சாப்பாடு மாதிரி இருக்காது."

இதற்குமேல் ஒரு மனிதன் காரில் உட்கார்ந்திருந்தால் அவன் மனிதனா? இறங்கினேன். என் மனைவியும் மறுபக்கக் கதவைத் திறந்தாள். அவரே பரிமாறினார். இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும். அதன்மேல் இரண்டு இட்லி. இலையில் மிச்சம் வைத்தால் அவர் முகம் வாடும். வைக்கவில்லை. எழுந்தபோது தரை கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருந்தது.

"தங்கச்சி ஊட்டுல என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

"அந்தியூருக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆவும். அதுக்குள்ள எல்லாம் எறங்கிரும்."

"உக்காந்துட்டுப் போனா எப்பிடீங்க எறங்கும்? ஓடறது காருதானே, நீங்களா?"

தங்கை வீட்டு வாசலில் பந்தல். மாப்பிள்ளை பந்தலுக்கு வெளியே ரோட்டிலேயே நின்றிருந்தார். "வாங்க மச்சான்" என்றார். அவருடைய அண்ணன் "வாங்க" என்றார். மகன் "வாங்க மாமா" என்றான். தங்கை உள்ளிருந்து ஓடிவந்து "வாங்கண்ணா, வாங்க நங்கை" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரென்றே தெரியாத ஒரு பெரியம்மாகூட மூன்று தடவை வாங்க சொன்னார். இந்த வீட்டில் ஒரு "வாங்க"வும் இன்று கைதவறக் கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள் போல.

குழந்தையை அதன் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். அது வீறிட்டு அழுதது. சீர்த்தட்டை வைத்தேன். எல்லாம் நன்றாக நடந்தது. அழுகையை நிறுத்தக் குழந்தைக்குக் கொடுத்த வெல்லத்தில் ஒரு துண்டைத் தங்கை என் வாயிலும் போட்டாள். அது தொண்டையைத் தாண்டவே ரொம்ப நேரம் ஆனது. அப்போதுதான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது.

முதல் பந்தி. மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நடு இலையில் உட்கார வைத்தார். தான் உட்காரவில்லை. நெய்ச் சொம்போடு எனக்கு எதிரே நின்றுகொண்டார். தங்கை பரிமாறினாள். ஒப்புட்டு இரண்டு, அதன்மேல் நெய். அரிசிம்பருப்புச் சாதம், அதன்மேல் நெய். பொரியல், கூட்டு, வடை, பாயசம். இலை நிறைந்து வழிந்தது. வாசம் நன்றாகத்தான் இருந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் அந்த இலையை நான் என்ன செய்திருப்பேன் என்பது ஊருக்கே தெரியும்.

ஒப்புட்டில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தேன். மென்றேன். இன்னும் மென்றேன். அது உள்ளே போக மறுத்தது. போவதற்கு இடமில்லை. தண்ணீர் குடித்தால் அதற்கும் இடமில்லை. நெற்றியில் வேர்வை வந்தது. வாயிலிருந்ததை எப்படியோ இறக்கிவிட்டு, கையை இலையின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

என் கை நின்றதைப் பார்த்து அக்கம்பக்கத்து இலைகளிலும் கைகள் நின்றன. மாப்பிள்ளையின் அண்ணன் பக்கத்து வரிசையிலிருந்து மெதுவாகச் சொன்னார், எல்லாருக்கும் கேட்கிற அளவுக்கு மெதுவாக: "பேருக்குத் தொட்டுப்போட்டு எந்திரிக்கறாரு. பழைய கணக்குப் போல."

மாப்பிள்ளை நெய்ச் சொம்பைக் கீழே வைத்தார். துண்டு ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போனது. எனக்கு வயிறே மறந்துவிட்டது.

பாங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று தடவை தொழில் விழுந்து எழுந்திருக்கிறேன். "என்னால் முடியாது" என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்தப் பந்தியில், நாற்பது இலைக்கு நடுவில், சொன்னேன்.

"மாப்பிள்ளை, என்னால முடியலீங்க. காத்தால இருந்து மூணு கல்யாணத்துல தின்னுபோட்டேன். வயித்துல எடமில்ல. வேற ஒண்ணுமில்லீங்க, சாமி சத்தியமா."

மாப்பிள்ளை நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. அப்போது என் மனைவி எதிர்வரிசையிலிருந்து சாட்சி சொன்னாள்.

"பதினோரு இட்லிங்க. நான் எண்ணிட்டே வந்தேன். பொங்கல், வடை, சந்தகை தனி."

யாரோ ஒரு பெண்பிள்ளை களுக்கென்று சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

"அப்ப மூணு ஊட்டுலயும் தின்னுபோட்டு, நாலாவதாத்தான் எங்கூடு" என்றார்.

உண்மையைச் சொன்னது முன்னைவிட மோசமாகப் போய்விட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை வந்தாள். கையில் ஒரு வாழை இலை. அதை என் இலையின் மேல் கவிழ்த்து மூடினாள்.

"எந்திரிங்கண்ணா" என்றாள்.

"கண்ணு…"

"எந்திரிச்சுப் போயி நடங்க. பசிக்கற வரைக்கும் நடந்துபோட்டு வாங்க. இந்த இலை இங்கயேதான் இருக்கும். ஈ மொய்க்காம நான் உக்காந்திருக்கறேன்." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, நீங்களுந்தான். கூடப் போயி நடங்க. ரெண்டு பேரும் வயிறு, ரோசம், எல்லாத்தையும் எறக்கிப்போட்டு வாங்க. ஏழு வருசமா அந்தப் பாரத்த நான் எறக்காம வெச்சிருக்கறேன், பாருங்க."

அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை போலிருந்தது. இரண்டு பேரும் செருப்பைத் தேடினோம்.

வீட்டுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் வெற்றிலைக் கொடிக்கால். அகத்தி மரங்களில் கொடி ஏறி, உள்ளே நடந்தால் வெயிலே தெரியாது. வரப்பில் அவர் முன்னால், நான் பின்னால். இரண்டாவது சுற்றில் அவர் ஒரு கொழுந்து வெற்றிலையைக் கிள்ளி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார்.

"மெல்லுங்க. செரிக்கும்."

மென்றேன். சுருசுருவென்று காரமாக இறங்கியது. அந்தியூர் வெற்றிலை என்று சும்மாவா சொல்கிறார்கள்.

மூன்றாவது சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியது. அகத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதற்குமேல் தள்ளிப்போட முடியாது.

"மாப்பிள்ளை, அன்னிக்கு நான் வாங்கன்னு சொன்னேனுங்க."

"சொன்னீங்க. எனக்கில்ல."

"உங்களுக்கில்ல" என்று ஒத்துக்கொண்டேன். "அந்த மில்காரரு வந்ததுல எனக்குத் தலைகால் புரியல. தப்புத்தான்."

அவர் ஒரு பழுத்த வெற்றிலையைக் கிள்ளி எறிந்தார். "அந்த மில்காரரு அதுக்கப்பறம் உங்கூட்டுக்கு வந்தாருங்களா?"

"இல்லீங்க."

"கிரைண்டராச்சும் வாங்குனாருங்களா?"

"அதுவுமில்ல."

அவர் தோள் குலுங்கியது. சிரிப்புத்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பஸ் ஸ்டாப்புல அர மணி நேரம் நின்னேனுங்க மச்சான். மூணு பஸ்ஸ உட்டேன். ஆராச்சும் பொறகால ஓடியாந்து கூப்பிடுவாங்கன்னு. பசி வேற. உங்க தங்கச்சி அழுவறா. கடசீல பேக்கரில பன்னும் டீயும் வாங்கித் தின்னோம். பட்டுக் கட்டீட்டுப் பன்னு தின்னது நாங்க ரெண்டு பேர்தான்."

உள்ளே ஆயிரம் பேருக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன். என் தங்கை இரண்டு பர்லாங் தூரத்தில் நின்று பன் தின்றிருக்கிறாள். எனக்குக் கண் எரிந்தது. வெற்றிலைக் காரம் என்று சொல்லிவிட்டேன். அவரும் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டார்.

அடுத்த சுற்றில் அவர் நடை தள்ளாடியது. கேட்டால், விருந்தாளி சாப்பிடாமல் தான் சாப்பிடுவதில்லை என்று காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லையாம். அவருக்கு நிஜமாகவே சர்க்கரை. "அட, என்னங்க நீங்க!" என்று அவர் கையைப் பிடித்து நான் வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனேன். பசித்து மயங்குகிறவரும் தின்று மயங்குகிறவருமாக ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்துப் பந்தலில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மணி நாலு. பந்தியெல்லாம் எடுத்துவிட்டார்கள். என் இலை மட்டும் மூடியபடியே இருந்தது. பக்கத்தில் தங்கை கையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு என் பக்கத்தில் ஒரு இலை போட்டாள். நான் மூடியை எடுத்தேன். சாதம் ஆறிப் போயிருந்தது. நெய் உறைந்திருந்தது. ஒரு வாய் வைத்தேன். இறங்கியது. இன்னொரு வாய். பசி எடுத்துவிட்டதா, அல்லது என் வயிற்றுக்கு என் நிலைமை புரிந்துவிட்டதா, தெரியாது. ஒப்புட்டு இரண்டும் போனது. சாதம், பொரியல், கூட்டு, வடை, பாயசம், ஒவ்வொன்றாகப் போனது. தங்கை ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தார். "உப்புப் பத்துதுங்களா மச்சான்?" என்று ஒரு தடவை கேட்டார்.

பருக்கை மிச்சமில்லாமல் வழித்தேன். உறவு வேண்டும் என்கிறவர்கள் இலையைத் தங்கள் பக்கமாக மடிப்பார்கள். நானும் என் பக்கமாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, அழுத்தி மடித்தேன். தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வயிறு அதற்கு முன்பே நிறைந்திருந்தது.

அவள் திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய தயிர்சாதக் குண்டா.

"ஆருங்கண்ணா அதுக்குள்ள இலையை மடிக்கச் சொன்னது?" என்றாள்.

மாப்பிள்ளை தன் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். நான் மடித்த இலையைப் பிரித்து வைத்தேன்.